மாட்ட பொதைக்கிறதுக்கு முன்னாடி எண்ணுங்க: அமெரிக்க கால்நடை நிவாரணத்துல வர்ற தப்புங்க

அமெரிக்காவுல பனிப்புயல், வெள்ளம், காட்டுத்தீயில ஆடு மாடு செத்தா கவர்மென்ட் காசு குடுக்கும். லைவ்ஸ்டாக் இன்டெம்னிட்டி புரோகிராம்னு பேரு, சுருக்கமா எல்ஐபி, உங்க கவுன்டிக்கான (நம்மூர் மாவட்டம் மாதிரி) எஃப்எஸ்ஏ ஆபீஸ்ல, அதாவது அமெரிக்க விவசாயத் துறையோட கிளை ஆபீஸ்ல விண்ணப்பிக்கணும். அங்க நிலம் வாங்கி மாடு விட்டிருக்கிற நம்மாளுங்க யாராச்சும் இருந்தா இத ஒரு தடவ படிச்சிருங்க.

இருக்கறதுலயே பெரிய தப்பு, கணக்கெடுக்காம பொதைக்கிறது. நாத்தம் தாங்காதுன்னு பொக்லைன் வச்சு குழி தோண்டி மூடிருவாங்க, அப்புறம் ஆபீஸ்ல போய் நாப்பது மாடு போச்சுன்னா ஆதாரம் எங்கன்னு தான் கேப்பாங்க. தேதி தெரியுற மாதிரி போட்டோ, காதுல மாட்டியிருக்கிற டேக் நம்பர், செத்த மாட்ட ஏத்திட்டுப் போற வண்டிக்காரன் ரசீது, மாட்டு டாக்டர் சீட்டு மாதிரி ஆதாரங்க வேணும். செத்தது எத்தனைன்னு மட்டும் பத்தாது, புயலுக்கு முன்னாடி எத்தனை இருந்துச்சுன்னும் காட்டணும், அதுக்கு வாங்குன வித்த பில்லு, பேங்க் லோன் பேப்பர் உதவும்.

ஒருவேள ஸ்கீம் காலாவதியாகி இருக்கிற நேரத்துல மாடு செத்தா, ஸ்கீமே இல்லையே, எதுக்கு இதெல்லாம்னு விடவும் கூடாது. 2013 அக்டோபர்ல சவுத் டகோட்டாவோட மேற்குப் பக்கம் அட்லஸ்னு ஒரு பனிப்புயல். மாடுங்க இன்னும் கோடை மேய்ச்சல்ல தான் நின்னுச்சு, குளிர்கால முடி வளரல, மொதல்ல மழைல நனைஞ்சு அப்புறம் பனில மாட்டி ஆயிரக்கணக்குல செத்துச்சு. அந்த நேரம் எல்ஐபி காலாவதியாகி கெடந்துச்சு, ஒருத்தருக்கும் பைசா கிடையாது. 2014 பிப்ரவரில புது ஃபார்ம் பில் (விவசாயச் சட்டம்) வந்து 2011 அக்டோபர்ல இருந்தே முன்தேதி போட்டு குடுத்தாங்க, போட்டோவும் ரசீதும் பத்திரமா வச்சிருந்தவனுக்கு அப்ப வேலை ரொம்ப சுலபம்.

அடுத்தது பணக் கணக்கு. செத்த எல்லா மாட்டுக்கும் குடுக்க மாட்டாங்க, சாதாரணமா வருஷத்துக்கு இத்தனை சதவீதம் சாகும்னு ஒரு அளவு வச்சிருக்காங்க, அதுக்கு மேல போனதுக்கு தான் காசு. அதுவும் சராசரி மார்க்கெட் விலைல பொதுவா 75 சதவீதம். உங்க காளை எவ்வளவு ஒசத்தியான வம்சமா வேணா இருக்கட்டும், அவங்க அட்டவணைல வகைக்கும் எடைக்கும் தான் ரேட்டு, இதுல சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல. ஆசைக்கு வளக்குற குதிரைக்கெல்லாம் கிடையாது, பொழப்புக்கு வளக்கணும்.

வறட்சில மாடு செத்துச்சுன்னு எல்ஐபிக்கு எழுதிப் போடுறவங்களும் உண்டு. வறட்சி அதுல சேராது. மேய்ச்சல் நிலம் காஞ்சு போனா அதுக்கு எல்எஃப்பின்னு தனி ஸ்கீம் இருக்கு, தண்ணி லாரில அடிக்கிற செலவுக்கு ஈலாப்னு இன்னொரு ஸ்கீம். எல்எஃப்பில உங்க காடு எப்படி காஞ்சு கெடக்குன்னு யாரும் வந்து பாக்க மாட்டாங்க, வியாழக்கிழமை தோறும் வர்ற டிராட் மானிட்டர்ங்கற வறட்சி மேப்ல உங்க கவுன்டி என்ன கலர்ல இருக்குங்கறது தான் கணக்கு. மேய்ச்சல் சீசன்ல கவுன்டியோட ஒரு மூலை டி3க்கு, அதாவது ரொம்ப கடுமையான வறட்சி நிலைக்கு போனா கூட தகுதி வந்துரும், அதனால என் நிலம் பச்சையா தானே இருக்குன்னு சும்மா இருந்துறாதீங்க. ஆனா அந்த மேய்ச்சல் நிலத்த ஆபீஸ்ல ஏக்கர் கணக்கோட பதிஞ்சு வச்சிருக்கணும், குத்தகை நிலம்னா பேப்பர் இருக்கணும், பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட வாய்ப்பேச்சா பேசி மேய்ச்சிருந்தா சிக்கல் தான்.

எல்ஐபிக்கு கெடு, அந்த வருஷம் முடிஞ்சு 60 நாள். நிறைய டைம் இருக்குன்னு தோணும், அதான் ஆபத்தே. அப்புறம், சராசரி வருமானம் 9 லட்சம் டாலருக்கு மேல இருந்தா பொதுவா கிடைக்காது, அது நம்ம பிரச்சனை இல்ல, ஆனா வருமானம் அதுக்குள்ள தான்னு எழுதிக் குடுக்குற படிவத்த விட்டுட்டா காசு நிக்கும். ரிஜெக்ட் பண்ணி லெட்டர் வந்தா கோவத்துல தூக்கிப் போடாதீங்க, 30 நாளுக்குள்ள அப்பீல் பண்ணலாம், அந்த லெட்டர்லயே எங்க எழுதணும்னு இருக்கும். வந்த காசுக்கு டாக்ஸும் உண்டு, முழுசா தீவனத்துல போட்டுறாதீங்க.