பழைய செய்திக்கு மோட்டார் ஓடக்கூடாது

யாழ்ப்பாணம் அரியாலையில் எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டாரை, கஸ்தூரியார் வீதியில் நான் வேலை செய்யும் கடையில் இருந்தே டெலிகிராம் செய்தியால் போட்டு நிறுத்துகிறேன். முழங்கால் வலியோடு அம்மா சுவிட்ச் வரை நடக்க வேண்டியதில்லை.

இஎஸ்பி 8266 சிப் உள்ள நோட்எம்சியு பலகை (வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகை), ரிலே (பலகை சொல்வதற்கேற்ப இயங்கும் சின்ன மின்சுவிட்ச்), கொன்டாக்டர் (மோட்டாரின் பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்ச்), தண்ணீர்த் தாங்கியின் நீர்மட்டத்தை ஒலி அலையால் அளக்க ஈரம் தாங்கும் அல்ட்ராசோனிக் சென்சர் ஆகியவை வேண்டும். பலகை 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும்.

பலகை செய்தி வாங்கவும் பதில் அனுப்பவும் டெலிகிராமில் ஒரு பொட், அதாவது தானியங்கிக் கணக்கு, வேண்டும். பொட்களை உருவாக்கித் தரும் டெலிகிராமின் பொட்ஃபாதரிடம் புதிய பொட் ஒன்று கேளுங்கள். பெயரை வாங்கிக்கொண்டு நீண்ட டோக்கன் (இரகசியக் குறியீடு) ஒன்றைத் தரும். அது வீட்டுத் திறப்பு மாதிரி. எவருக்கும் காட்ட வேண்டாம். பொட்டின் பெயர் தெரிந்த எவரும் அதற்குச் செய்தி அனுப்பலாம் என்பதால், உங்கள் சாட் எண்ணிலிருந்தும் (டெலிகிராம் ஒவ்வொரு உரையாடலுக்கும் கொடுக்கும் எண்) வீட்டார் எண்ணிலிருந்தும் வருவதை மட்டும் ஏற்கும்படி பலகையின் புரோகிராமில் எழுதுங்கள். கட்டளைகளைத் தமிழிலேயே வைக்கலாம். எங்களுடையவை 'போடு', 'நிறுத்து', 'எவ்வளவு'.

ரிலேயைப் பலகையின் டி1 அல்லது டி2 முனையில் இணையுங்கள். டி3, டி4 போன்றவை பலகை உயிர்பெறும்போது தாமாகவே நிலை மாறக்கூடியவை. சின்ன ரிலேயில் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதை நம்பி மோட்டாரை நேரே கொடுத்துவிடாதீர்கள். மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். ரிலேயின் தொடுமுனை உருகி ஒட்டிக்கொண்டால், எத்தனை முறை 'நிறுத்து' அனுப்பினாலும் மோட்டார் நிற்காது. ரிலே கொன்டாக்டரை இயக்கட்டும், கொன்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். இந்த 230 வோல்ட் வேலையை மின்னிணைப்பாளரிடமே விடுங்கள். கைச் சுவிட்சையும் கழற்ற வேண்டாம்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். ஒருநாள் காலையில் 'போடு' அனுப்பினேன்; பதில் வரவில்லை. வீட்டில் இணையம் இல்லை. அம்மா கைச் சுவிட்சால் தாங்கியை நிரப்பிவிட்டார். பின்னேரம் இணையம் திரும்பியதும் காலைச் செய்தி பலகைக்குப் போய் மோட்டார் ஓடத் தொடங்கியது. "தம்பி, முற்றமெல்லாம் தண்ணீர்" என்று அம்மா அழைத்தபோதுதான் எனக்கு விளங்கியது. பொட் எடுக்காத செய்திகளை டெலிகிராம் 24 மணி நேரம் வரை வைத்திருக்கும். ஆகவே ஒவ்வொரு செய்தியோடும் வரும் நேரத்தைப் பாருங்கள்; ஒரு நிமிடத்துக்கு மேல் பழையதென்றால் தள்ளிவிடுங்கள். இதற்குப் பலகை இணையத்திலிருந்து சரியான நேரத்தை எடுத்திருக்க வேண்டும்.

நிறுத்தும் பொறுப்பையும் இணையத்திடம் விடாதீர்கள். 20 நிமிடம் ஆனதும் பலகை தானே நிறுத்தும்படி எழுதியிருக்கிறேன். சுண்ணக்கல்லுக்குள் நல்ல நீர் மேலேயும் உவர்நீர் கீழேயும் நிற்கும் ஊர் இது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறும். அந்தக் கிணற்றை மீட்பது இலகுவல்ல.

சென்சரைத் தாங்கி மூடியில் கீழ்நோக்கிப் பொருத்துங்கள். மிக அருகில் உள்ளதை அதனால் அளக்க முடியாது. தாங்கி நிறைந்தாலும் நீருக்கும் அதற்கும் இடையில் ஒரு சாணுக்கு மேல் இருக்கட்டும். சென்சர் அளவைப் பலகைக்குச் சொல்லும் எக்கோ கம்பி 5 வோல்ட் தரும், பலகை தாங்குவது 3.3 வோல்ட், நடுவில் இரண்டு ரெசிஸ்டர் (மின்தடை) போட்டுக் குறையுங்கள்.

'மோட்டார் ஓடுகிறது' என்ற பதிலை ரிலேயின் நிலையை வைத்து அனுப்பாதீர்கள். போட்டு மூன்று நிமிடத்தில் நீர்மட்டம் ஏறியிருந்தால் மட்டும் என் பொட் அப்படிச் சொல்லும். ஏறாவிட்டால் மோட்டாரை நிறுத்தி, 'தண்ணீர் ஏறவில்லை, கிணற்றைப் பாருங்கள்' என்று எனக்கும் அம்மாவுக்கும் எழுதும்.