இழைப்புளியின் வாய் அடைப்பு நீங்கிய விதம்

மும்பை சோர் பஜாரில் தேடித் தேடிச் சேர்த்த கைக்கருவிகளுள் ஒன்றான மரம் இழைக்கும் பழைய இரும்பு இழைப்புளி, தேக்குப் பலகையில் சற்றுத் தள்ளியதுமே சீவல் அதன் வாயில், அதாவது அடியில் அலகு நீட்டிநிற்கும் பிளவில், அடைத்து நின்றுவிடும். அலகைச் சாணை பிடித்தும் பயனில்லை. வாயை அகட்டியதில் தேக்கின் நார் பிய்ந்ததுதான் மிச்சம். அலகையும் அதன்மேல் திருகப்பட்ட மேல்தகட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்காமல் வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, இரண்டுக்கும் நடுவே இடது ஓரத்தில் மட்டும் மயிரிழையளவு ஒளி கசிந்தது. சீவலின் நுனி அந்தச் சந்தில் நுழைந்து, பின்னால் வரும் சுருள்களையெல்லாம் மறித்திருக்கிறது. முன்விளிம்பு மட்டுமே அலகில் படியுமாறு, மேல்தகட்டின் பின்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, எண்ணெய்க்கல்லில் ஒளி மறையும்வரை தேய்த்தேன். அலகு நுனிக்கு ஏறத்தாழ 1 மி.மீ. பின்னால் தகட்டை வைத்து இறுக்கியதும், பல நாள்களை விழுங்கிய தொல்லை தீர்ந்தது. திருகை இறுக்கும்போது தகடு சற்று நகரும் என்பதால், இறுக்கிய பிறகும் ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும்.