தொடங்கியது போதுமா? சீஷத்துவத்தில் நாம் செய்யும் தவறுகள்

யோவான் 8-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார்: "நீங்கள் என் உபதேசத்தில் நிலைத்திருந்தால் மெய்யாகவே என் சீஷராயிருப்பீர்கள்." இதை யாரிடம் சொன்னார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தம்மை விசுவாசித்த யூதர்களிடம்தான் சொன்னார். அப்புறம் பேச்சு நீள்கிறது, வாக்குவாதம் முற்றுகிறது, அதிகாரம் முடியும்போது அவர்மேல் எறியக் கல்லெடுக்கிறார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துச் சபைகளில் நடக்கிற தவறுகளில் முக்கால்வாசி இங்கேதான் பிறக்கின்றன. தொடங்கிய நாளையே நாம் அத்தாட்சியாக எடுத்துக்கொள்கிறோம்.

ஞானஸ்நானத்தையே பாருங்கள். திருப்பூர்ப் பக்கம் நொய்யல் இன்று யாரையும் முக்கி எடுக்கும் நிலையில் இல்லை. அதனால் பவானிக்கோ அமராவதிக்கோ வேன் பிடித்துப் போகிறோம், இல்லையென்றால் சபையிலேயே தொட்டி கட்டிவிடுகிறோம். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறோம். அடுத்த மாதமே அந்தத் தம்பி உபவாசக் கூட்டத்தில் மைக் பிடித்துச் சாட்சி சொல்கிறார். இன்னும் கொஞ்ச நாளில் வாலிபர் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். கண்காணியாகிறவன், அதாவது சபையை நடத்துகிறவன், புதிதாக வந்தவனாக இருக்கக்கூடாது என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது பெருமை தலைக்கேறிவிடும் என்ற பயத்தில்தான். நாமோ ஆள் தாங்குவாரா என்று பார்க்கும் முன்பே மேடையில் ஏற்றிவிட்டு, இரண்டு வருஷம் கழித்து "அவர் இப்போ எங்கேயும் போறதில்லைங்க" என்கிறோம்.

உணர்ச்சியை ஆழம் என்று நினைப்பது இதற்கு ஒட்டிப் பிறந்த தவறு. விதைக்கிறவன் உவமை காங்கேயம், மூலனூர்க்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை. மேட்டாங்காட்டில் மேலே அரை அடி செம்மண், கீழே பாறை. ஒரு மழை பெய்து விதைத்தால் நல்ல மண்ணைவிட அங்கேதான் சோளம் முதலில் முளைக்கும், பார்க்கவும் பச்சையாக இருக்கும். நாலு வெயில் காய்ந்தால் தெரியும் சேதி. இயேசுவின் உவமையில் கற்பாறை நிலத்து மனிதன் வசனத்தை "உடனே" ஏற்றுக்கொள்கிறான், அதுவும் சந்தோஷத்தோடு. சந்தோஷத்தில் குறை ஒன்றும் இல்லை, வேர் இல்லை என்பதுதான் குறை. எழுப்புதல் கூட்டத்தில் அழுதவர்களை எண்ணுகிற சபைகள், அடுத்த வெயில்காலத்தில் யார் இருக்கிறார்கள் என்றும் எண்ணிப் பார்க்கலாம்.

கடன் தீரும், வியாதி தீரும் என்று சொல்லி ஆளைச் சேர்ப்பதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை, எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஐயாயிரம் பேர் அப்பம் சாப்பிட்டார்கள். மறுநாள் படகேறித் தேடியும் வந்தார்கள். இயேசு கடினமாகப் பேசத் தொடங்கியதும் சீஷர்களிலேயே அநேகர் பின்வாங்கிப் போனார்கள். "நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ" என்று பன்னிருவரைக் கேட்டபோது, பேதுரு எல்லாம் புரிந்துவிட்டதாகச் சொல்லவில்லை. "யாரிடத்தில் போவோம்" என்றுதான் கேட்டார். அந்தப் பதில் இருக்கிறவர் கடன் தீராவிட்டாலும் இருப்பார்.

நம்மூரில் விசுவாசம் காய்வதற்கு முக்கியக் காரணம் உபத்திரவம் இல்லை. பிரசங்கங்களைக் கேட்டால் உபத்திரவம்தான் காரணம் என்று தோன்றும். என் கணக்கில் இந்தப் பகுதியின் பெரிய ஆபத்து அதே விதைக்கிறவன் உவமையில் பயிரை நெருக்குகிற முள்ளுதான்: உலகக் கவலையும் ஐசுவரியத்தின் மயக்கமும். இரண்டு ஓவர்லாக் மெஷினோடு ஜாப் ஒர்க் தொடங்கியவர் ஜெபித்துத்தான் தொடங்கினார். இருபது மெஷின் ஆனதும் ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒரு ஞாயிறு போகிறது, அடுத்த ஆர்டருக்கு இன்னொன்று. அவர் எதையும் மறுதலிக்கவில்லை. காணிக்கைக் கவர் மட்டும் தவறாமல் வருகிறது. சபையும் கவரைப் பார்த்துவிட்டு ஆளைத் தேடுவதில்லை, இதுதான் எனக்கு வருத்தம்.

ஆனால் இதே அளவுகோலைத் தொழிலாளியிடம் வைப்பது வேறொரு தவறு. பீஸ் ரேட்டில் தைக்கிற பெண் ஞாயிறு ஷிப்டுக்குப் போனால் அவள் பின்மாற்றத்தில் இருக்கிறாள் என்று அர்த்தமில்லை. கி.பி. 321-ல் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிறை ஓய்வுநாளாக அறிவிக்கும்வரை அது ரோமாபுரியில் சாதாரண வேலைநாள். ஏறத்தாழ 112-ல் பித்தினியா ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட நாளில் விடிவதற்கு முன்பே கூடிப் பாடுகிறார்கள் என்கிறார். வேலைக்குப் போகிறவர்கள் வேறு எப்போது கூட முடியும்? ஆராதனை நேரத்தை மாலைக்கு மாற்ற முடியாத போதகர், அவள் விசுவாசத்தை அளக்கக் கூடாது.

அதே கடிதத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பிடித்து விசாரித்தபோது சிலர், "முன்பு இருந்தோம், பல வருஷத்துக்கு முன்பே விட்டுவிட்டோம்" என்றார்களாம். தெய்வச் சிலைகளையும் பேரரசரின் உருவத்தையும் வணங்கி, கிறிஸ்துவைச் சபிக்கச் சொன்னால், உண்மையான கிறிஸ்தவர்களை மட்டும் அதற்குக் கட்டாயப்படுத்த முடியாது என்று தான் கேள்விப்பட்டதாகவும் எழுதுகிறார். விசுவாசமே இல்லாத ஓர் அதிகாரி, யார் உண்மையான ஆள் என்பதை நிலைத்திருப்பதை வைத்தே பிரித்துப் பார்த்திருக்கிறார்!

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிற ஓர் அக்காவை எனக்குத் தெரியும். ராத்திரி ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சுத்தூசியோடு, முகம் மட்டும் கழுவிக்கொண்டு ஆராதனைக்கு வருவார். கடைசி வரிசையில் சுவர் ஓரமாக உட்கார்ந்து, பிரசங்கத்தில் பாதி நேரம் தூங்குவார். இராப்போஜனப் பந்தி வரும்போது பக்கத்தில் இருப்பவர் தட்டி எழுப்ப வேண்டும். சாட்சி சொல்லக் கூப்பிட்டால், "எனக்கென்னங்க சாட்சி, வந்துட்டுத்தான் இருக்கறனுங்க" என்பார். வீட்டுக்காரர் குடியை விடவில்லை, வீட்டுக் கடனும் தீரவில்லை. எந்தப் பத்திரிகையும் போடாத சாட்சி அது. தூங்குகிறார் என்று அவரை முன்வரிசைக்காரர்கள் முறைப்பதைப் பார்க்கும்போதுதான் எனக்கு எரிச்சல் வரும்.

உறுதியையும் முரட்டுத்தனத்தையும் குழப்பிக்கொள்வது புதிதாக வந்தவர்களிடம் அதிகம். ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டியாகிவிட்டது, வரி கேட்டு வருகிறார்கள், ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வீட்டில். பூஜையில் கலந்துகொள்ள முடியாது என்பது ஒன்று. ஆத்தா ஆசையாய்க் கூப்பிட்டும் அந்த வாரம் முழுக்க வீட்டுப்பக்கமே போகாமல் இருப்பது, அப்புச்சியிடம் "உங்க சாமி பிசாசு" என்று வாசலில் நின்று கத்துவது வேறொன்று. நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லச் சொன்னதும் பேதுருதான், வாளெடுத்துக் காதை வெட்டிய அதே ஆள். பெற்றவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பதும் வயல் வேலைக்குப் போய் நிற்பதும் சீஷத்துவத்துக்கு விரோதமில்லை. பத்து வருஷம் கழித்து ஊர் அவரை "நல்ல மனுசன், ஆனா வேதக்காரன்" என்று சொன்னால் அவர் நிலைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

விழுந்தவரைப் போனவர் கணக்கில் எழுதுவது மிகக் கொடுமையான தவறு. யோவான் மாற்கு பம்பிலியாவில் பாதியிலேயே ஊர் திரும்பினவர். அவரால் பவுலுக்கும் பர்னபாவுக்கும் சண்டையே வந்தது. தேமாவோ பவுலோடு கூடவே இருந்தவர், அவர் வாழ்த்துதல்களை நிருபங்களில் படிக்கிறோம். கடைசிக் கடிதத்தில் பார்த்தால் தேமா உலகத்தின்மேல் ஆசைவைத்துத் தெசலோனிக்கேக்குப் போய்விட்டார். மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமானவன் என்கிறார் பவுல். இரண்டு செய்தியும் அடுத்தடுத்த வசனத்தில். பாதி வழியில் இவர்களை எடை போட்டிருந்தால் நாம் தேமாவைத்தான் மூப்பராக்கியிருப்போம்.

சரி, நிலைத்திருப்பது நம் கையிலா, தேவன் கையிலா? இதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. கோவையில் 1830-ல் வேலை தொடங்கிய லண்டன் மிஷன் பெரும்பாலும் கால்வினிய வேர் கொண்ட காங்கிரிகேஷனல் சபையாருடையது. கரூர், தாராபுரம் பக்கம் வந்தது வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன். தேவன் தெரிந்துகொண்டவர்களைக் கடைசிவரை காப்பார் என்று கால்வினிய மரபு சொன்னது, விசுவாசி விலகிக் கெட்டுப்போகவும் முடியும் என்று மெதடிஸ்ட் மரபு எச்சரித்தது. இரண்டு மரபுச் சபைகளும் 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையில் ஒன்று சேர்ந்துவிட்டன, வாதம் மட்டும் தீரவில்லை. முதலாவதைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறவர்களும் உண்டு, இரண்டாவதைக் கேட்டு ராத்திரியெல்லாம் பயந்து புரள்கிறவர்களும் உண்டு. பேதுரு மறுதலிக்கும் முன்பே இயேசு, உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடி வேண்டிக்கொண்டேன் என்றார். விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள் என்று சொன்னதும் அதே ராத்திரிதான்.

பரம்பரைக் கிறிஸ்தவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு, தங்களுக்கு இல்லை என்று நினைக்கலாம். நாலு தலைமுறையாக ஒரே பெஞ்சு, கமிட்டித் தேர்தலில் தவறாமல் ஓட்டு. வெளிப்படுத்தின விசேஷத்தில் இயேசு செய்தி அனுப்புகிற எபேசு சபை அப்படித்தான் இருந்தது. சகித்தது, பாடுபட்டது, இளைப்படையவில்லை, கள்ளப் போதகர்களைச் சரியாகக் கண்டுபிடித்தது. ஆதியில் கொண்டிருந்த அன்பை மட்டும் விட்டுவிட்டது. மனந்திரும்பாவிட்டால் விளக்குத்தண்டை எடுத்துவிடுவேன் என்பதுதான் அதற்கு வந்த பதில்.

வராமல் போனவர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலு பேராகக் கும்பலாகப் போக வேண்டாம், ஒருவரோ இருவரோ போதும். "ஏன் வர்றதில்லை" என்று வாசலிலேயே ஆரம்பிக்க வேண்டாம். உட்கார்ந்து காபி குடியுங்கள், மெஷின் ஓடுகிறதா, மகனுக்குக் காலேஜ் கிடைத்ததா என்று கேளுங்கள். அவராகவே சொல்லும்வரை காத்திருங்கள். முதல் தடவை சொல்லமாட்டார். கிளம்பும்போது ஒரு சின்ன ஜெபம், அதில் பிரசங்கம் கலக்காமல். அடுத்த மாதம் திரும்பவும் போங்கள்.