ஃபான்டசி ஆட்டப் புத்தகம்: யாழ்ப்பாணத்தில் இருந்து எதை வாங்கலாம்?

மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி விளையாடும் ஆட்டம் இது. எடுத்தவுடன் தடித்த புத்தகம் வாங்க வேண்டாம். விதிகளை இலவசமாகப் படிக்கவிடும் பதிப்பகத்தில் தொடங்குங்கள். எனக்கு மிகவும் பிடித்தது பைசோ. அவர்களின் பாத்ஃபைண்டர் ஆட்டத்தின் விதிகள் 'ஆர்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ்' தளத்தில் அனுமதியோடு கிடைக்கின்றன. இதே வகை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகளை அதன் பதிப்பகமான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் 2023இல் கிரியேட்டிவ் காமன்ஸில், அதாவது யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் பகிரவும் விடும் உரிமத்தில், விட்டது. அதை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அச்சடித்துக் கட்டி வைத்திருக்கிறோம். பெடியள் புரட்டிப் புரட்டி ஓரமெல்லாம் தேநீர்க் கறை.

சுவீடனின் ஃப்ரீ லீக் பதிப்பகத்தின் புத்தகங்களை ஓவியங்களுக்காகவே வாங்கலாம். அவர்களின் டிராகன்பேன் ஆட்டம் புதியவர்களுக்கு லேசு: 20 முகப் பகடையில் உங்கள் திறன் எண்ணோ அதற்குக் குறைவோ விழுந்தால் வெற்றி. சரி, அச்சுப் புத்தகம்தான் வேண்டுமா? நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பொதியாக எடுப்பியுங்கள், தபால் செலவு பிரியும்.