குளக்கரையில் பேக்ட் பீன்ஸ்: ரின் திறக்காமல், கௌபியில்

வெளியே போய்ச் சமைத்துச் சாப்பிடுவது என்றால் வன்னியில் சோறும் கோழிக்கறியும்தான் முதலில் நினைவுக்கு வரும். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எட்டுப் பேருக்குச் சோறு, இரண்டு கறி, சம்பல் என்று தொடங்கினால் யாரோ ஒருவருக்கு அன்று முழுவதும் அடுப்படிதான் மிச்சம். பெரும்பாலும் அது அம்மாவாகவோ அக்காவாகவோ இருக்கும். பேக்ட் பீன்ஸ் ஒற்றைச் சட்டிச் சாப்பாடு. அரைவாசி வேலை முதல்நாளே வீட்டில் முடிந்துவிடும், மிச்சத்தைத் தணல் பார்த்துக்கொள்ளும். பாணோ றொட்டியோ இருந்தால் போதும்.

கடையில் ரின்னில் வருவதை நினைத்து முகம் சுளிக்க வேண்டாம். பெயரில் ‘பேக்ட்’ இருந்தாலும் ரின்னில் இருப்பது போறணையைக் கண்டதில்லை. அடைத்து மூடிய ரின்னுக்குள்ளேயே அவிந்தது அது. பழைய முறை அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பக்கத்தில் இருக்கிறது. சின்ன வெள்ளை அவரை விதையை, மொலாசஸும் (சீனி எடுத்த பிறகு மிஞ்சும் கரும்பாகு) உப்பிட்ட பன்றி இறைச்சியும் சேர்த்து, மணிக்கணக்காக மெல்லிய சூட்டில் வைப்பார்கள். மேன் மாநிலத்தில் நிலத்தில் குழி வெட்டித் தணல் நிரப்பி, இரும்புப் பானையை அதில் புதைத்து இரவு முழுக்க விடுவார்கள். தக்காளி சோஸில் கிடக்கும் வகை பிரித்தானியர் பழக்கிக்கொண்டது. நாங்கள் அமெரிக்க முறையிலிருந்து தணலையும் பிரித்தானிய முறையிலிருந்து தக்காளியையும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஊர்ச் சாமானில் செய்வோம்.

எந்த விதை?

அசலுக்குரிய அந்தச் சின்ன வெள்ளை அவரை, அதாவது நேவி பீன்ஸ், கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ தேடி அலைய வேண்டிய சாமான். கௌபி அப்படியில்லை. மேட்டுக்காணியில் விளைகிறது, எந்தக் கடையிலும் கிடைக்கிறது, ஊறுவதும் அவிவதும் சுறுக்கு. வெள்ளைக் கௌபி சோஸின் நிறத்தை அழகாகப் பிடிக்கும். சிவப்புக் கௌபியும் ருசிதான், ஆனால் சட்டி முழுக்கக் கபில நிறமாகிவிடும்.

இந்தப் போகத்து விதையா என்று கேட்டு வாங்குங்கள். ஆண்டுக்கணக்காகச் சாக்கில் கிடந்த விதை எவ்வளவு அவித்தாலும் நடுவில் கட்டியாகவே நிற்கும்.

சிவப்பு ராஜ்மா விதையில் செய்ய நினைப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. குறைந்தது 5 மணித்தியாலம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்க விட வேண்டும். 10 நிமிடம் மிகக் குறைந்த அளவு, அரை மணித்தியாலம் கொதித்தால் நிம்மதி. கொதிக்க விடாமல் நேரே தணலில் மெதுவாக வைத்தால் நச்சு அழியாது, வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். கௌபியில் அந்தப் பயம் இல்லை. தொடங்குபவர்களுக்கு நான் கௌபியைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாமான்கள் (பாணுடன் 8 பேருக்கு)

வெள்ளைக் கௌபி 500 கிராம்
நன்கு பழுத்த தக்காளி 600 கிராம்
பெரிய வெங்காயம் 2
உள்ளி 6 பல்லு
பனங்கட்டி 75 கிராம்
பழப்புளி, சின்ன நெல்லிக்காய் அளவு
கடுகு 1 தேக்கரண்டி, இடித்தது
கட்டைத்தூள் 1 தேக்கரண்டி
மிளகுதூள் அரைத் தேக்கரண்டி
கறுவாப்பட்டை விரல் நீளத்துண்டு ஒன்று, கராம்பு 3
நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி
உப்பு

மொலாசஸின் இடத்தில் பனங்கட்டி. இதைச் சமாளிப்பு என்று நினைக்காதீர்கள். மொலாசஸில் இருக்கிற அந்தக் கருகிய இனிப்பு பனங்கட்டியிலும் இருக்கிறது, வெறும் சீனியில் அது வராது. மன்னார்ப் பக்கத்துப் பனங்கட்டி கிடைத்தால் விடாதீர்கள்.

பன்றி இறைச்சி தேவையில்லை. ரின்மீன் போடலாமா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். போடலாம், ஆனால் அது வேறு கறி.

முதல்நாள் இரவு: ஊறவைத்தல்

கல், சொத்தை பொறுக்கிக் கழுவி, 2 லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி நிறைய உப்புப் போட்டுக் கரைத்து ஊறவையுங்கள். உப்புப் போட்டால் விதை அவியாது என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள். ஊறவைக்கும் தண்ணீரில் உப்பு இருந்தால் நடப்பது அதற்கு மாறானது. தோலை இறுக்கிப் பிடித்திருக்கும் கல்சியத்தின் இடத்தை உப்பிலுள்ள சோடியம் பிடித்துக்கொள்ளும், தோல் இளகும், அவியும்போது வெடிப்பதும் குறையும்.

கௌபிக்கு 6 முதல் 8 மணித்தியாலம் போதும். புத்தகங்களில் 12 மணித்தியாலம் என்று இருப்பது குளிர்நாட்டுக் கணக்கு. சித்திரை வெக்கையில் அவ்வளவு நேரம் விட்டால் விடியும்போது நுரைத்துப் புளித்த மணம் அடிக்கும். இரவு படுக்கப் போகும்போது போட்டு, காலை எழும்பியவுடன் வடித்துவிடுங்கள். ஊறிய தண்ணீர் வேண்டாம், ஊற்றுங்கள். வயிறு ஊதுவதும் கொஞ்சம் குறையும்.

அவித்தல்: இங்கேதான் எல்லாம் இருக்கிறது

புதுத் தண்ணீர், விதைக்கு மேல் நான்கு விரல் நிற்கும் அளவு. நன்கு கொதித்த பிறகு நெருப்பைக் குறைத்து, நுரையை அகப்பையால் எடுத்துவிடுங்கள். இந்தக் கட்டத்தில் தக்காளி, புளி, பனங்கட்டி எதுவும் கிட்ட வரக்கூடாது.

காரணம் இதுதான். விதையின் கலங்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். வெறும் கொதிநீரில் அது கரையும், விதை மெதுவாகும். புளிப்பு அந்தக் கரைதலைத் தடுக்கும். பனங்கட்டியில் உள்ள கல்சியம் அதை இன்னும் இறுக்கும். அரைகுறையாக அவிந்த விதையைச் சோஸில் போட்டால் மூன்று மணித்தியாலம் தணலில் வைத்தாலும் அது அரைகுறையாகவே இருக்கும். பக்குவமாக அவிந்ததைப் போட்டால் அதே புளிப்பு விதையைக் குழையாமல் காப்பாற்றித் தரும். ஆகவே முதலில் முழுதாக அவிய வேண்டும், புளிப்பு அதற்குப் பிறகு.

உங்கள் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? அப்படியானால் கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூட. வன்னியில் பல கிணறுகள் அப்படித்தான். கால் தேக்கரண்டி அப்பச்சோடா போடுங்கள், சரியாகிவிடும். அதற்கு மேல் போட்டால் சவர்க்காரம் போல நாக்கில் நிற்கும்.

20 நிமிடத்தில் இருந்து பார்க்கத் தொடங்குங்கள். ஒரு விதையை நம்ப வேண்டாம், வெவ்வேறு இடத்தில் ஐந்தாறு எடுங்கள். விரலுக்கு இடையில் நசித்தால் உள்ளே மாவாக இருக்க வேண்டும், தோல் கிழியாமல் நிற்க வேண்டும். எல்லாமே அப்படி வந்ததும் இறக்குங்கள். நேவி பீன்ஸ் என்றால் ஒரு மணித்தியாலம் வரை போகும். குக்கரைக் கௌபிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு விசில் கூடினால் கஞ்சிதான்.

அவித்த தண்ணீரில் மூன்று கோப்பை எடுத்து வையுங்கள். அதில்தான் சோஸ் தடிக்கும்.

சோஸ்

நல்லெண்ணெயில் பொடியாக வெட்டிய வெங்காயத்தைப் போட்டு, பொன்னிறம் தாண்டிக் கபிலமாகும் வரை வதக்குங்கள். 10 நிமிடம் பிடிக்கும், அவசரப்பட வேண்டாம். பிறகு நசித்த உள்ளி, கறுவா, கராம்பு, கட்டைத்தூள். மணம் வந்ததும் மசித்த தக்காளி. எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை விடுங்கள்.

பனங்கட்டியை அரைக் கோப்பை வெந்நீரில் கரைத்து வடித்து ஊற்றுங்கள். வடிக்காமல் போட்டால் மண் கடிபடும். புளிக்கரைசல், இடித்த கடுகு, மிளகுதூள், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. இப்போது நாக்கில் வைத்தால் எல்லாமே கொஞ்சம் கூடுதலாகத் தெரிய வேண்டும். விதை போய் விழுந்ததும் உறைப்பும் புளிப்பும் அடங்கிவிடும்.

கௌபியைச் சோஸில் சேர்த்து, விதைக்கு மேல் ஒரு விரல் நிற்கும் அளவுக்கு அவித்த தண்ணீர் விட்டு, ஒரு கொதி வர இறக்குங்கள். மிஞ்சிய தண்ணீரைப் போத்தலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொண்டு போவது

இரண்டு வழி. காலையில் அவித்து, கொதிக்கக் கொதிக்க மூடி, சாக்கிலும் பழைய போர்வையிலும் சுற்றி ஏற்றி, இரண்டு மணித்தியாலத்துக்குள் மறுபடி அடுப்பில் வைப்பது ஒன்று. முதல்நாளே சமைத்து, ஆறியவுடன் பிறிஜ்ஜில் வைத்து, றெஜிபோம் பெட்டியில் ஐஸ்கட்டியுடன் கொண்டு போவது மற்றது. மிஞ்சிய தண்ணீர்ப் போத்தலும் கூடவே போகட்டும். இதமான சூட்டில் அரைநாள் வாகனத்தில் கிடந்த சட்டி மணத்தில் நல்லதாகவே தெரியும், வயிற்றில்தான் விளங்கும். குடிக்கும் தண்ணீரும் வீட்டிலிருந்தே வரட்டும்.

நெருப்பு வைக்கும் இடம்

மேலே சொன்ன மேன் மாநிலத்துக் குழியைப் படித்துவிட்டு மண்வெட்டியைத் தூக்காதீர்கள். வன்னியில் அந்த ஆசை வேண்டாம். போர் 2009இல் முடிந்தது. மிதிவெடி அகற்றும் வேலை அதற்குப் பிறகும் ஆண்டாண்டாக நடந்திருக்கிறது. வெடிக்காத எறிகணை மண்ணுக்கடியில் இருந்தால் மேலே மூட்டும் நெருப்பின் சூடே அதற்குப் போதும். ஆகவே தோண்டுவதில்லை, தெரியாத காட்டுக்குள் நெருப்பு மூட்டுவதில்லை. மண்டையோட்டுப் பலகை உள்ள பக்கம் விறகு பொறுக்கவும் போவதில்லை. ஆட்கள் வழக்கமாகச் சமைக்கும், முன்பே சாம்பல் கிடக்கும் இடமாகப் பாருங்கள். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், எங்கே போனாலும் அங்குள்ளவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டால் காட்டித் தருவார்கள்.

மூன்று கல்லை வைத்து அடுப்பு. சோளகம் வீசும் மாதங்களில் அடுப்பின் வாயைக் காற்றுக்கு நேரே வைத்தால் விறகு பற்றி எரிந்து தீர்ந்துவிடும், தணல் நிற்காது. காற்றுக்கு முதுகு காட்டி வையுங்கள். சுற்றியுள்ள காய்ந்த புல்லைச் செதுக்கி எடுத்த பிறகுதான் தீப்பெட்டி.

விறகில் பாலை மரந்தான் ராசா. தணல் நெடுநேரம் நிற்கும். விழுந்து காய்ந்த கொப்பு போதும், மரத்தில் கை வைக்க வேண்டாம். சிரட்டையும் ஒரு பை நிறையக் கொண்டுபோனால் நல்லது. பற்றவைக்கப் பன்னாடை. நந்திக்கடல், நாயாறு மாதிரிக் களப்புக் கரையென்றால் தில்லை மரத்தின் கொப்பை அடுப்பில் வைக்காதீர்கள். அதன் பாலும் புகையும் கண்ணுக்குக் கேடு.

தணலில் வைத்தல்

பழகிய மண்சட்டி சிறந்தது. புதுச்சட்டி என்றால் முதல்நாளே தண்ணீரில் ஊறட்டும். அலுமினியம் வேண்டாம், புளிப்புப் பட்டு உலோக ருசி ஏறும். பிறிஜ்ஜில் இருந்து வந்த பீன்ஸைக் குளிரோடு சூடான மண்சட்டியில் ஊற்றினால் சட்டி வெடிக்கும். இரண்டும் சேர்ந்து மெல்லச் சூடாகட்டும்.

முதலில் சுவாலையில் நன்றாக ஒரு கொதி. பிறகு விறகை இழுத்துவிட்டு, தணலை மட்டும் சட்டிக்கு அடியில் வட்டமாகப் பரப்புங்கள். நடுவில் குறைவாக, ஓரத்தில் கூட. சட்டியின் வாயை வாட்டிய வாழையிலையால் மூடி, அதன் மேல் தட்டையான மூடி, மூடியின் மேல் இரண்டு அகப்பை தணல். இலை சாம்பலைத் தடுக்கும், அதன் மணமும் கொஞ்சம் இறங்கும். ஓவன் இல்லாத வீடுகளில் கேக் சுடுவதும் இந்த மேல்நெருப்பு கீழ்நெருப்பில்தான்.

ஒன்றரை மணித்தியாலம். அரை மணிக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள். நடுவில் ஒன்றிரண்டு குமிழி சோம்பலாக வந்துகொண்டிருந்தால் சூடு சரி. தளதளவென்றால் தணலை இழுங்கள். வற்றியிருந்தால் போத்தல் தண்ணீரைச் சூடாக்கி விடுங்கள். கிண்ட வேண்டாம், சட்டியைத் துணியால் பிடித்து மெல்லக் குலுக்கினால் போதும். கடைசி 15 நிமிடம் இலையை எடுத்துவிட்டுத் திறந்து வையுங்கள், மேலே பளபளப்பாகத் தடித்து வரும்.

புகை ருசி இன்னும் வேண்டுமா? சின்னக் கிண்ணத்தைப் பீன்ஸின் மேல் வைத்து, கனன்ற சிரட்டைத் தணல் ஒன்றை அதில் போட்டு, அரைத் தேக்கரண்டி நெய் விட்டு உடனே மூடுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

வீட்டு ஓவனில் என்றால் 160 பாகை செல்சியஸில் ஒன்றரை மணித்தியாலம், மூடி போட்டு.

பரிமாறுதல்

பக்கத்து அடுப்பில் தேங்காய்ப்பூ றொட்டி சுட்டால் அதற்கு நிகர் இல்லை. றோஸ்பாணும் நல்லது. வெட்டிய சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ப் புளி கூட இருக்கட்டும். சோற்றுடன் சாப்பிட நினைத்தால் ஏமாறுவீர்கள், இனிப்பு இடிக்கும்.

சட்டியைக் குளத்தில் இறங்கிக் கழுவாதீர்கள், முதலை உள்ள குளங்கள் இவை. தண்ணீரை வாளியில் அள்ளிக் கரையில் கழுவுங்கள். தணலில் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சீறும் சத்தம் நின்ற பிறகு வெளிக்கிடுங்கள். பொழுது சாயுமுன் கிளம்புவது நல்லது. யானை தண்ணீருக்கு வரும் நேரம் அது.

மிஞ்சினால், வெளியில் சூடாறிக் கிடந்ததை இரவுக்கு வைக்காதீர்கள். சூடாகவே வந்து சேர்ந்ததைப் பிறிஜ்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். அதை மசித்து, பாண் துண்டு இரண்டுக்கு நடுவில் வைத்துத் தோசைக்கல்லில் வாட்டினால் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டிக்கு ஆகும்.