பேரன் வாங்கிய கடனுக்கு ஆச்சி வீட்டு வாசலில் ஆள் வந்தால்

கடன் வாங்கியவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், போனை எடுக்க மாட்டார். வசூல் ஏஜெண்டு காரைக்குடியில் தனியாக இருக்கும் ஆச்சிக்குப் போன் போடுவார். அடுத்த வாரம் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்வார். பங்காளிகள் நாலு பேர் பார்ப்பார்களே என்று வயசானவர்கள் பதறுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பதற்றத்தை வைத்துத்தான் பணம் வாங்கப் பார்க்கிறார்.

முதலில் தெரிய வேண்டியது, கடன் பத்திரத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா என்பதுதான். ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தால், 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 128ன்படி, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு உங்களுக்கும் உண்டு. கூட்டாகச் சேர்ந்து வாங்கியிருந்தாலும் பொறுப்பு உங்களுடையதுதான். வெறும் 'ரெஃபரன்ஸ்' என்று உங்கள் பெயரையும் நம்பரையும் அவர் எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு பைசாப் பொறுப்பும் கிடையாது. அப்பா, மாமனார், அண்ணன் என்ற உறவு மட்டும் யாரையும் கடனாளி ஆக்காது. சந்தேகம் இருந்தால், யார் பெயரில் என்ன கடன் இருக்கிறது என்று பதிவு வைத்திருக்கும் சிபில் நிறுவனத்தின் தளத்தில் வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் முழு அறிக்கையை எடுத்துப் பாருங்கள்.

கையெழுத்து இல்லையென்றால் போனில் இவ்வளவு போதும்: "உங்க பேரு, ஏஜென்சி பேரு, எந்த பேங்க்குன்னு சொல்லுங்க. நான் ஜாமீன் போடலை. இனி இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க." பேரன் எங்கே வேலை பார்க்கிறான், திருவிழாவுக்கு எப்போது வருவான் என்று நைச்சியமாகக் கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள். கால் ரெக்கார்டிங்கைப் போட்டு வையுங்கள். தேதி, நேரம், நம்பர் மூன்றையும் ஒரு நோட்டில் குறியுங்கள். புகார் கொடுக்கும்போது அந்த நோட்டுதான் பேசும்.

நேரில் வந்தால் முகப்போடு நிறுத்துங்கள், வளவுக்குள் (உள்கட்டுக்குள்) விட வேண்டியதில்லை. அடையாள அட்டையும் வங்கி கொடுத்த அதிகாரக் கடிதமும் கேட்டு, இரண்டையும் போட்டோ எடுங்கள். ஒழுங்கான ஏஜெண்டு காட்டுவார். காட்ட மறுப்பவரிடம் பேச்சே வேண்டாம். போகச் சொல்லியும் போகாமல் சத்தம் போட்டால் 112க்குக் கூப்பிடுங்கள். ஆச்சி தனியாக இருக்கும் வீடென்றால் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லி வைப்பது நல்லது. கூச்சப்பட்டு மறைக்கும் வீட்டில்தான் மிரட்டல் எடுபடுகிறது.

பெரும்பாலானோர் சிக்குவது அடுத்த கட்டத்தில். "இப்போதைக்கு ரெண்டாயிரம் குடுங்க ஆச்சி, பேரனை விட்டுடறோம்" என்பார். ஏஜெண்டின் சொந்த ஜிபேக்குப் போன பணம் கடன் கணக்கில் ஏறும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. கேட்டால் கொடுக்கிற வீடு என்று தெரிந்த பிறகு மாதாமாதம் வருவார். உதவ மனமிருந்தால் பேரனுக்கு அனுப்புங்கள். அவர் கடன் கணக்கில் கட்டட்டும். "நான் பொறுப்பேற்கிறேன்" என்று எழுதிக் கொடுப்பதும், வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடுவதும் கூடவே கூடாது. இல்லாத பொறுப்பை அந்தக் காகிதம் உண்டாக்கிவிடும்.

"வீட்டை ஜப்தி பண்ணுவோம்" என்றால் கடன் எந்த வகை என்று பாருங்கள். அடமானம் இல்லாத பெர்சனல் லோன், கிரெடிட் கார்டு என்றால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஜப்தி கிடையாது. தீர்ப்பே வந்தாலும் பல புள்ளிகளுக்கு (பங்குள்ள குடும்பங்களுக்கு) பொதுவான வீட்டில் கடன் வாங்கியவரின் பங்கை மட்டும்தான் தொட முடியும். வாட்ஸ்ஆப்பில் 'கோர்ட் நோட்டீஸ்' வந்தால் அதிலுள்ள வழக்கு எண்ணை நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டுப் பாருங்கள். லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) நோட்டீஸ் சமரசத்துக்கான அழைப்புதான், வாரண்ட் அல்ல. வீட்டுப் பத்திரமே அடமானத்தில் இருந்தால் கதை வேறு: அடமானச் சொத்தை வங்கி நேரடியாகக் கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வந்ததுமே வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் போட்ட உத்தரவின்படி, காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது. குடும்பத்தார், நண்பர்களின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது. மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக் கடனுக்கு நேரம் இன்னும் குறைவு, காலை 9 முதல் மாலை 6 வரை. உறவினரைத் தொல்லை செய்வது அங்கேயும் தடைதான்.

மீறினால் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பி, அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; விவரத்துக்கு 14448. அங்கே கடன் வாங்கியவர் பெயரிலேயே புகார் போவது நல்லது, வாடிக்கையாளர் அவர்தான். மிரட்டலுக்கு உள்ளூர் காவல் நிலையத்தில் மனு கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். கடன் ஆப் ஆட்கள் போட்டோவை மார்ஃபிங் செய்து அனுப்பினால் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து சைபர் கிரைம் தளத்தில் ஏற்றுங்கள். கந்து வட்டியென்றால் அதற்கென்று 2003ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது, மூன்று வருடம் வரை சிறை. வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் இலவசச் சட்ட உதவிக்கு 15100ஐக் கூப்பிடலாம்.

கடன் வாங்கியவர் இறந்துவிட்டால், வாரிசுகள் அவரிடமிருந்து வந்த சொத்தின் மதிப்பு வரைதான் பொறுப்பு. சொந்தச் சம்பாத்தியத்தில் கை வைக்க முடியாது. தகப்பன் கடனை மகன் தீர்க்க வேண்டும் என்ற பழைய இந்து சட்டக் கடமையும், 2005 செப்டம்பர் 9க்குப் பிறகு வாங்கிய கடன்களுக்குச் செல்லாது. எதையும் கட்டுவதற்கு முன், அந்தக் கடனோடு காப்பீடு சேர்த்துப் போடப்பட்டிருக்கிறதா என்று வங்கியில் எழுத்தில் கேளுங்கள்.