முதல் கம்ப்யூட்டர் வாங்கும் முன்: ஸ்டிக்கரை மறந்துவிட்டுத் தேர்ந்தெடுக்கும் வழி

நான் முதன்முதலில் வாங்கிய லேப்டாப்பில் 'கோர் ஐ5' ஸ்டிக்கர் பளபளவென்று ஒட்டியிருந்தது. அதை நம்பித்தான் வாங்கினேன். காலையில் பட்டனை அழுத்திவிட்டுப் போய்ப் பல் துலக்கி, முகம் கழுவி வந்தாலும் திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த ஸ்டிக்கர் சொன்ன ப்ராசஸரில், அதாவது கம்ப்யூட்டரின் மூளையான சிப்பில், குறையில்லை. உள்ளே இருந்தது 4 ஜிபி ராமும் (வேலை நடக்கும்போது மட்டும் பயன்படும் நினைவகம்), ஃபைல்களைச் சேமிக்கும், நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் ஹார்ட் டிஸ்க்கும். அந்த இரண்டையும் பற்றிக் கடையில் நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதே அப்போது தெரியாது.

அதனால் இந்தப் பதிவில் ப்ராசஸர் பேச்சைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன்.

படி 1: செய்யப்போகும் வேலையை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, அடுத்த ஒரு வருடத்தில் அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து என்னென்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். 'எல்லாத்துக்கும்தான்' என்ற பதில் செல்லாது. இணையம் பார்ப்பது, கடிதம் அடிப்பது, கணக்கு எழுதுவது, வீடியோ அழைப்பு, பிள்ளைகளின் பாடம் என்று பட்டியல் போனால் நடுத்தரமான எந்தப் புது மெஷினும் போதும். வீடியோ எடிட்டிங், பெரிய கேம், முப்பரிமாண வரைபடம் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அந்த மென்பொருளின் தளத்துக்கே போய், என்ன தேவை என்று பாருங்கள். 'குறைந்தபட்சம்', 'பரிந்துரை' என்று இரண்டு அளவு போட்டிருப்பார்கள். இரண்டாவதைக் குறித்துக்கொள்ளுங்கள், முதலாவது, திறக்கும் என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம்.

படி 2: லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

இதற்கு நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வாரத்தில் எத்தனை நாள் அது வீட்டை விட்டு வெளியே போகும்? ஒரு நாள்கூட இல்லையென்றால் டெஸ்க்டாப்பை யோசியுங்கள். அதே பணத்துக்கு வேகம் கூடக் கிடைக்கும், கீபோர்டு போனால் கீபோர்டை மட்டும் மாற்றலாம், நிமிர்ந்து உட்காரலாம். ஆனால் விலை கேட்கும்போது மானிட்டர், ஸ்பீக்கர், கேமரா, வைஃபை எல்லாம் சேர்ந்ததா என்று கேளுங்கள். பல டெஸ்க்டாப் போர்டுகளில் (பாகங்களை இணைக்கும் பலகை) வைஃபை இருக்காது. கரண்ட் போனால் வேலையும் போகும் என்பதால் யூபிஎஸ் செலவும் உண்டு. லேப்டாப்பில் பேட்டரியே அந்த வேலையைச் செய்துவிடும்.

திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய ஆல்-இன்-ஒன் பார்க்க அழகாக இருக்கும். முதல் கம்ப்யூட்டராக அதை நான் சொல்லமாட்டேன். பெரும்பாலும் உள்ளே இருப்பவை லேப்டாப் பாகங்கள். திரை போனால் மொத்தமும் முடங்கும்.

படி 3: ராம் எவ்வளவு?

ராம் என்பது வேலை செய்யும் மேசை. மேசை சின்னதாக இருந்தால் ஒரு புத்தகத்தை எடுக்க இன்னொன்றை அலமாரியில் வைத்துவிட்டு வர வேண்டும். கம்ப்யூட்டர் திணறுவதாக நாம் சொல்வது பல நேரம் இந்த நடையைத்தான்.

விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அதில் விண்டோஸ் திறக்கும்; நீங்கள் வேறு எதையாவது திறந்தால்தான் சிக்கல். 8 ஜிபிக்குக் கீழே போகவே வேண்டாம். நாலைந்து வருடம் வைத்திருக்க நினைத்தால் 16 ஜிபி எடுங்கள்.

கடையில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: 'பின்னாடி ராம் கூட்ட முடியுமா?' மெலிதான லேப்டாப்கள் பலவற்றில் ராமைப் போர்டோடு சால்டர் செய்துவிடுகிறார்கள். ஆப்பிளின் எம்1 சிப் முதல் வந்த மேக்புக்குகள் எதிலும் பிறகு கூட்டவே முடியாது. அப்படிப்பட்டதை வாங்கினால் முதல் நாளே தேவையான அளவை எடுத்துவிட வேண்டும். விண்டோஸ் மெஷின் கடையில் ஓடிக்கொண்டிருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால் எத்தனை ஜிபி, ராம் செருகும் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று பெரும்பாலும் காட்டிவிடும்.

படி 4: எஸ்எஸ்டி இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்

கறாராகத்தான் சொல்கிறேன். எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஃபைல்களைச் சிப்பில் சேமிக்கும் டிரைவ். ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டும், அதன்மேல் நகரும் முள்ளும் உண்டு. விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைப் படிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அந்த முள் இடம் தேடி ஓட வேண்டும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. காலையில் என் திரையில் சுற்றிய வட்டத்துக்குக் காரணம் இந்த முள்தான்.

எஸ்எஸ்டியிலும் இரண்டு வகை. சாட்டா வகை நொடிக்குச் சுமார் 550 எம்பி படிக்கும். என்விஎம்இ வகை ஆயிரக்கணக்கில் போகும். அன்றாட வேலையில் இந்த இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரியாது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எதற்கு மாறினாலும் தெரியும். மலிவான குட்டி லேப்டாப்களில் 'இஎம்எம்சி 64 ஜிபி' என்று போட்டிருப்பார்கள். அதுவும் சிப்பில் சேமிப்பதுதான், ஆனால் மெதுவானது. அதை எஸ்எஸ்டி என்று எண்ணி ஏமாறாதீர்கள். பெரிய விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்தாலே அங்கே இடத்துக்குத் திண்டாட்டம்.

அளவு 512 ஜிபி என்றால் வசதி. படங்களை வெளியே ஒரு டிஸ்க்கில் வைப்பவருக்கு 256 போதும். அது விண்டோஸில் 238 என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பவர் 1000-ஆல் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

படி 5: இப்போது ப்ராசஸர்

இன்டெல் ப்ராசஸர்களில் ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரே தலைமுறைக்குள் இருக்கும் தர வரிசை மட்டுமே. தலைமுறை, அதற்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. ஐ7-7500யூ ஏழாம் தலைமுறை. அதில் 2 கோர், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்யும் இரண்டு பகுதி. ஐ5-8250யூ எட்டாம் தலைமுறை. அதில் 4 கோர். ஐ7 என்ற பெயருக்காக முதலாவதை வாங்கியவர் நட்டப்பட்டார். அது விண்டோஸ் 11 ஏற்கும் ப்ராசஸர் பட்டியலிலும் இல்லை, இரண்டாவது இருக்கிறது.

எண் 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கம் தலைமுறை. 1235யூ என்றால் 12. 2023 டிசம்பரில் இன்டெல் தன் லேப்டாப் சிப்களில் 'கோர் அல்ட்ரா' என்று பெயர் மாற்றத் தொடங்கியது. அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் ப்ராசஸர்களில் வேறொரு பொறி. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7540யூ இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 2 என்றால் ஜென் 2, அதாவது 2019-இல் வந்த வடிவமைப்பு. 4 என்றால் 2022-இல் வந்த ஜென் 4. இந்த 7000 வரிசை லேப்டாப்களுக்கு மட்டும் இந்த விதியை வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, அது எந்த ஆண்டு வந்தது என்று வீட்டில் தேடினாலே பாதி வேலை முடிந்தது.

படி 6: விண்டோஸ், மேக், லினக்ஸ்

இவை கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்கள். வீட்டிலோ அலுவலகத்திலோ உங்களுக்குச் சொல்லித்தரக்கூடியவர் எதை வைத்திருக்கிறாரோ அதை எடுங்கள். சிக்கல் வந்த இரவில் இதுதான் கைகொடுக்கும். 'டாஸ்' என்று எழுதி விலை குறைத்து விற்பவற்றில் விண்டோஸ் இருக்காது. அதற்குத் தனியே பணம் கட்ட வேண்டும், அல்லது லினக்ஸ் மின்ட் போல இலவசமாகக் கிடைப்பதைப் போட்டுக்கொள்ளலாம். கடிதம், கணக்குக்கு லிப்ரேஆஃபிஸ் இலவசம். தமிழில் தட்டச்ச விண்டோஸ், மேக் இரண்டிலும் வசதி உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் மொழியைச் சேர்த்தால் போதும்.

படி 7: தொட்டுப் பாருங்கள்

லேப்டாப் என்றால் கடையில் ஒரு பத்தி அடித்துப் பாருங்கள். விசை ஆழம் பிடிக்காவிட்டால் எந்த எண்ணும் அதைச் சரிசெய்யாது. திரை 1920-க்கு 1080 புள்ளி இருக்கட்டும். 1366-க்கு 768 இன்னும் விற்கிறார்கள், எழுத்து கரகரவென்று தெரியும். பக்கவாட்டிலிருந்து பார்த்து நிறம் வெளுக்கிறதா என்று கவனியுங்கள். ஐபிஎஸ் என்ற வகைத் திரையில் அது குறைவு. '12 மணி நேரம் பேட்டரி' என்ற வாசகத்தை விட்டுவிட்டு பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் வாட்-ஹவர் எண்ணைக் கேளுங்கள். 50 வாட்-ஹவர் பேட்டரி, 10 வாட் இழுக்கும் வேலைக்கு 5 மணி நேரம் வரும்.

படி 8: பழையது வாங்குபவருக்கு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. எனவே விண்டோஸ் 11 ஏற்கும் ப்ராசஸர் வேண்டும்: இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ மட்டும். சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஓட விட்டுப் பார்க்கச் சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

படி 9: பெட்டியைத் திறந்த நாள்

செட்டிங்ஸில் சிஸ்டம், பிறகு அபவுட் போய் ராமும் ப்ராசஸரும் பில்லில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். எல்லா யூஎஸ்பி துளையிலும் ஒரு பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். கேமரா, மைக், ஸ்பீக்கர், வைஃபை ஒவ்வொன்றையும் சோதியுங்கள். திரையில் முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படம் வைத்துச் நிறம் மாறாமல் நிற்கும் செத்த புள்ளி தேடுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை அட்டைப்பெட்டியையும் உள்ளே வந்த தெர்மாகோலையும் பரணில் போட்டு வையுங்கள்.